எதிர்கொண்டு வந்த ஆறாம் குழி

ஆனி மாதத்து மூன்றாம் சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, குற்றாலத்துச் சாரலின் குளிர்ச்சியை மட்டும் கொண்டுவந்து நீரை வழியிலேயே மறந்துவிடும் மேல்காற்று செவல்மேட்டின் மீது வீசிக்கொண்டிருக்க, மழைக்கு உதவாத வெள்ளை மேகங்கள் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்க, நகராட்சி கோல்ஃப் திடலின் ஆறாம் குழி தான் இருந்த இடத்தை விட்டு ஒன்றரை முழம் நகர்ந்து வந்து, லாரிப் பட்டறை காஜா மைதீன் தட்டிவிட்டதும் பாதி வழியில் ஓய்ந்துபோகவிருந்ததுமான பந்தை வாங்கிக்கொண்டது.

காஜா மைதீன் பேருந்துக்குக் காத்திருந்தவரைப் போல, "வந்துருச்சு," என்றார். பிறகு குனிந்து பந்தை எடுத்தார்.

திடலின் பொறுப்பாளரான ஜெயசீலி கழுத்தில் தொங்கிய விசிலை ஊதலாமா வேண்டாமா என்று சற்று யோசித்தாள். குழிக்குப் போன பந்துக்கு மதிப்புண்டு என்று விதி இருந்ததே தவிர, பந்துக்குப் போன குழியைப் பற்றி எந்த விதியும் இல்லை. ஆகவே விசிலைக் கீழே விட்டுவிட்டு, "சரி பாய், அடுத்த ஆளுக்கு வழி விடுங்க," என்றாள். குழி தன் இடத்துக்குத் திரும்பிப் போய், அடுத்த ஆளின் பந்துக்கும் வந்தது. அதற்கடுத்த ஆளுக்கும் வந்தது. எட்டு மணிக்கு வெயில் ஏறியபோது, அன்று ஆடியவர்கள் எல்லோரும் ஆறாம் குழியில் ஒரே தட்டில் பந்தைப் போட்டிருந்தார்கள். எல்லோருக்கும் நல்ல பசி.

அந்தத் திடலைச் செவல்மேட்டுக்காரர்கள் பந்துக்காடு என்றுதான் சொல்வார்கள். போர்க்காலத்தில் விமானம் இறங்கட்டும் என்று சமன்செய்யப்பட்டு, ஒரு விமானமும் இறங்காமல், பல தலைமுறைகளாக மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்த நிலம் அது. ஊரைவிட்டுப் போன மில் மேலாளர் ஒருவர் ஓர் அறை நிறைய கோல்ஃப் மட்டைகளை ஊருக்கு விட்டுச்செல்ல, அவற்றை வேறெதற்கும் பயன்படுத்தத் தெரியாத நகராட்சி, ஒன்பது குழிகள் தோண்டி ஒன்பது கொடிகளை நட்டுவிட்டது. கட்டணம் பக்கத்து ஊருக்குப் போகும் பேருந்துச் சீட்டைவிடக் குறைவு, மட்டை வாசலிலேயே கிடைக்கும், காலணி அவசியமில்லை, வேட்டி, சேலை, லுங்கி எதற்கும் தடையில்லை. குறுக்கே ஆடு வந்தால் ஆட்டுக்கே முதல் உரிமை.

புல் வளர்க்கத் தண்ணீர் கிடையாது. எனவே ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஆற்றுமணலில் காஜா மைதீன் பட்டறையின் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து, கறுத்து அடங்கிய ஒரு மணல்வட்டம் போட்டிருந்தார்கள். பந்து அதன்மேல் உருண்டால் பாத்திரத்தில் விரலால் வழித்ததுபோல ஒரு கோடு விழும். ஆகையால் ஆடியபின், சாக்கு சுற்றிய பலகையொன்றைக் கயிற்றால் இழுத்து மணலைச் சமன்செய்துவிட வேண்டும். ஊரில் யார் வீட்டு விசேஷத்திலும் இலையை எடுக்காமல் எழுந்து போகிறவர்கள்கூடப் பந்துக்காட்டில் பலகை இழுக்காமல் நகரமாட்டார்கள். அதிலும், விழுந்த பந்தை எடுக்க ஒருவர் குனிவதற்குள் அடுத்து ஆடுபவர் பலகையை இழுக்கத் தொடங்கிவிட வேண்டும், அப்போதுதான் யாருக்கும் காத்திருப்பு இல்லை என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவள் செண்பகவல்லி. அவள் எதையும் திருத்தமாகச் செய்கிறவள். அந்தத் திருத்தமே தன்னைப் பின்னாளில் அழவைக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

குழி நகர்கிறது என்ற செய்தியைச் செவல்மேடு, புதிதாக வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. முதலில் எட்டிப் பார்த்தது, பிறகு குறை சொன்னது, பிறகு பழகிக்கொண்டது. நகராட்சிப் பொறியாளர் வந்து, குழிக்குப் பிடிமானம் போதவில்லை என்று கண்டறிந்து, கிணற்றுக்கு உறை இறக்குவதுபோலக் குழிக்கும் ஒரு சின்ன சிமெண்ட் உறையை வார்க்கச் சொல்லி இறக்கினார். மறுநாள் உறை அங்கேயே இருந்தது. குழி உறையைவிட்டு வெளியே வந்து பக்கத்தில் இருந்தது. இரண்டாம் முறை உறை இறக்கியபோதும் அப்படியே. மூன்றாம் உறையைப் பொறியாளர் தன் வீட்டுத் துளசிச் செடிக்கு எடுத்துப்போய்விட்டார். பெண்கள் சிலர் கொடிக்கம்பில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழம் உருட்டிவிட, குழி அதற்கும் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டது. அது ஆட்டக் கணக்கில் சேருமா என்று அரைநாள் வழக்கு நடந்து, பழத்தை மட்டையால் தட்டவில்லை என்பதால் சேராது என்று ஜெயசீலி தீர்ப்புச் சொன்னாள். தேரடியில் ஒதுங்கி வழிவிடுவதைப் போலக் குழி வரும்போது ஒதுங்கி வழிவிடுவதும், மணல்வட்டத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றுவதும், சூழ நிற்கும் எல்லோரும் ஒரே குரலில் "வந்துருச்சு!" என்பதும் யாரும் சொல்லாமலே வழக்கமாயின. ஆண்டுப் போட்டியில் ஏழெட்டுப் பேர் சமமாக நின்றதால், கோப்பையை முறைவைத்து ஆளுக்கொரு வாரம் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். காஜா மைதீன் வீட்டு வாரத்தில் அதில் பாயசம் ஊற்றிக் குடித்தார்கள். தேர்தலில் தோற்றவர் ஒருவர் வெளியூரிலிருந்து காரில் வந்து, ஒரே ஒரு பந்து தட்டி, குழி தன்னை நோக்கி வருவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் நிம்மதியாகத் திரும்பிப் போனார்.

ஊரே இப்படி நிறைவாக இருந்தபோது, செண்பகவல்லி ஒருத்திக்கு மட்டும் அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. செவல்மேட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். அதே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவள் தந்தை பணியில் இருக்கும்போதே மாரடைப்பால் இறந்துபோக, கருணை அடிப்படையில் அந்த வேலை, கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த அவளுக்கு வந்தது. அதே மேசை, அதே நாற்காலி. இத்தனை ஆண்டுகளில் அவள் ஒரு கோப்பைத் தவறவிட்டதில்லை, ஒரு கூட்டலைப் பிழையாகப் போட்டதில்லை. ஆனாலும் அவளைப் பற்றிப் புதியவர்களிடம் சொல்லும்போது, "அவங்க அப்பா வேலை," என்றுதான் சொன்னார்கள். அதை அதிகம் சொன்னவர் பக்கத்து மேசை அருணாசலம். தேர்வெழுதி வந்தவர். நல்ல வேலைக்காரர். ஆனால் நாக்கில் எப்போதும் ஒரு மிளகாய் விதை ஒட்டியிருக்கும்.

செண்பகவல்லி பந்துக்காட்டுக்கு வந்ததே, யாரும் கொடுக்காத ஒன்றைத் தன் கையால் அடைந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். சின்ன வெள்ளைப் பந்து, சின்ன குழி, நடுவில் தன் மட்டை மட்டும். இதில் யாருடைய கருணைக்கும் இடமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. எட்டுக் குழிகள் சமதரையில் கிடந்தன. அவற்றில் தடுமாறித் தடுமாறிப் பந்து போய் விழுந்துவிடும், அதில் தன் கை எவ்வளவு, தரை எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஆறாவது ஒன்றுதான் மேட்டில் சரிந்து கிடந்தது. அங்கே ஒரே தட்டில் பந்தைப் போட்டவர் ஊரில் யாரும் இல்லை. அதைத் தான் போட வேண்டும் என்று அவள் நாளெண்ணிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குழியே நடக்கத் தொடங்கியது.

முதன்முறையாக அவள் பந்துக்குக் குழி எதிர்கொண்டு வந்தபோது, கூடியிருந்தவர்கள் "வந்துருச்சு!" என்று மகிழ்ந்தார்கள். அருணாசலம் பலகையின் கயிற்றைக் கையில் பிடித்தபடி சிரித்தார்.

"மேடத்துக்கு எல்லாம் தானா வரும். அன்னிக்கு வேலை வந்துச்சு, இன்னிக்குக் குழி வருது."

காஜா மைதீன், "யோவ் அருணாசலம், உனக்கும்தானய்யா வந்துச்சு," என்று கடிந்துகொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அதன்பின் அவள் வேலைநாட்களில் விடியலில் தனியாக வரத் தொடங்கினாள். வலுவாகத் தட்டிப் பார்த்தாள். குழி பின்வாங்கிப் பந்தை ஏந்திக்கொண்டது. வேண்டுமென்றே கோணலாகத் தட்டினாள். அது கோணலாக வந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் இடுப்பில் கைவைத்துக் குழியின் முன் நின்று, "உன்னை யாரு கூப்பிட்டா? பேசாம கெட. நானே வாரேன்," என்று வைதாள். அடுத்த பந்துக்கு, வைதது காதில் விழாத பிள்ளையைப் போல அது உற்சாகமாக ஓடிவந்தது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, சாக்கு கிழிந்துவிட்டதென்று காஜா மைதீன் பலகையைத் தன் பட்டறைக்கு எடுத்துப்போயிருந்தார். செண்பகவல்லி பந்தைத் தட்டினாள். குழி வந்தது, பந்து விழுந்தது. பழக்கத்தில் கை பலகையைத் தேடியது, பலகை இல்லை. அன்றுதான், இத்தனை மாதங்களில் முதன்முறையாக, அவள் கலையாத மணலைப் பார்த்தாள். அதில் இரண்டு தடங்கள் இருந்தன. ஒன்று அவள் பந்து வந்த மெல்லிய கோடு. மற்றொன்று குழி வந்த அகலமான தடம், நாக்கால் நக்கியதுபோல வழவழப்பாக. அந்தத் தடம் ஒரு சாணுக்குமேல் இல்லை.

அவள் உட்கார்ந்து கைவிரித்து அளந்தாள். ஒரு சாண்தான். காஜா மைதீனுக்கு ஒன்றரை முழம் வந்த குழி. தனக்கும் தொடக்கத்தில் அவ்வளவு தூரம் வந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். பந்துக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுதான் அது வருகிறது, அதற்குமேல் ஒரு விரல்கூட வருவதில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. ஊர் முழுவதும் விழுந்து விழுந்து மணலைச் சமன்செய்துகொண்டிருந்ததால், யார் எவ்வளவு தேறியிருக்கிறார்கள் என்பதை யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்கவிடாமல் செய்ததில் தன் திருத்தத்துக்கும் பங்கிருக்கிறது என்று நினைத்து அவள் தலையில் தட்டிக்கொண்டாள்.

கணவன் தனுஷ்கோடியிடம் மட்டும் சொன்னாள். அவன் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். மயிரிழைக் கணக்கில் இரும்பைச் சீவுகிறவன். ஆனால் பந்துக்காட்டுப் பக்கம் தலைவைத்ததில்லை.

"அப்போ அது வராம இருந்தா, நீ போட்டதுன்னு அர்த்தம்," என்றான்.

"ஆமாங்க."

"வராம இருக்கிறதுக்காக ஒருத்தி விடியக்காலம் ஓடுறா. எங்கயாவது உண்டா இது?" என்றான். ஆனால் அன்று மாலை கூடத்தில் கிடந்த கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் போட்டு அவளுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தான். ஒரு சொம்பைப் படுக்கவைத்து, அதன் வாயை நோக்கி அவள் பந்து தட்டிப் பழகினாள். கார்த்திகையில் மணலில் இருந்த தடம் நான்கு விரலானது. மார்கழியில், பனியில் மணல் இறுகியிருந்தபோது, இரண்டு விரல். தை பிறந்தபின் ஒரு விரலுக்கும் குறைவு. ஆனால் இல்லை என்று சொல்லும்படி ஒருநாளும் இல்லை.

மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே பந்துக்காட்டில் இருந்தது. செண்பகவல்லி ஆறாம் மணல்வட்டத்துக்கு வந்தாள், செருப்பைக் கழற்றினாள், மேட்டின் சரிவை ஒருமுறை பார்த்தாள். அன்று அவள் எதையும் நினைக்கவில்லை. மட்டை பந்தைத் தொட்ட சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. பந்து சரிவில் ஏறி, வளைந்து, தயங்கி, பிறகு தயக்கத்தை விட்டுவிட்டுப் போய் விழுந்தது.

"வந்துருச்சு!" என்றது கூட்டம் வழக்கம்போல.

வந்ததா? அவள் நின்ற கோணத்தில் பந்தின் வெண்மைதான் தெரிந்திருந்தது. நிமிர்ந்து மணலைப் பார்ப்பதற்குள், அடுத்து ஆட வேண்டியவரான அருணாசலம் அவள் கொண்டுவந்த திருத்தத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துப் பலகையை இழுத்துவிட்டிருந்தார். மணல்வட்டம் துடைத்த கரும்பலகையாக இருந்தது.

"சார்! தொடாதீங்க! ஐயோ, தொடாதீங்க!"

அப்படி அவள் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. அருணாசலம் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். செண்பகவல்லி மணலின் விளிம்பில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க அழுதாள். ஜெயசீலி ஓடிவந்து தோளைத் தொட்டு, "என்னக்கா, கையில அடிபட்டுருச்சா?" என்றாள். வேறு வழியில்லாமல், அழுகையோடு அழுகையாக, இரண்டு தடங்களைப் பற்றியும் அளந்துவந்த சாண், விரல் கணக்கைப் பற்றியும் செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம் குனிந்து மணலைப் பார்த்தது. தாங்கள் எத்தனை விரல் தேறியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் திகைத்துக்கொண்டிருந்தார்கள்.

அருணாசலம் தொண்டையைச் செருமினார்.

"பலகை இழுக்கிறப்போ என் கண்ணு கீழேதான் இருந்துச்சு, மேடம். பந்து வந்த கோடு ஒண்ணுதான் இருந்துச்சு. நீங்க சொல்ற அகலத் தடம் எதுவும் இல்ல."

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்களா?"

"உங்க மனசு குளிர்ற மாதிரி இத்தனை வருசத்துல நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

காஜா மைதீன்தான் முதலில் சிரித்தார். "அது நெசம் தங்கச்சி. அந்த ஆளுகிட்ட இனிப்பு ஸ்டாக்கே கெடையாது." சிரிப்பு கூட்டம் முழுக்கப் பரவியது. அருணாசலமும் சிரித்தார், ஆனால் அவர் முகம் வழக்கத்தைவிட வெளிறி இருந்தது, கீழே போட்ட கயிற்றை அவர் மறுபடி எடுக்கவும் இல்லை.

மாலையில் செண்பகவல்லி கூடத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். இருபத்தைந்து ஆண்டுப் பேச்சுக்கு ஒரே தவணையில் காட்டிய இரக்கமாகவும் இருக்கலாம். இரக்கம் என்றால், அதுவும் நகர்ந்து வந்த குழிதான்.

தனுஷ்கோடி சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டான்: "ஏ செம்பகம், அந்த ஆளு உன்னைப் பத்திக் கெட்டது சொன்னப்போ எத்தனை வருசம் நம்புனே?"

அவள் பந்தை உள்ளங்கையில் உருட்டினாள்.

"நல்லது சொன்னா ஒரு நாள் நம்ப முடியலையா?"

அவள் பந்தைச் சொம்புக்குள் போட்டாள். பிறகு, "நாளைக்கு என்கூட வாரீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை காஜா மைதீன் பட்டறையைத் திறப்பதற்கு முன் பந்துக்காட்டுக்குப் போய், யாரும் வராத நேரத்தில் ஒரு பந்து தட்டி, பலகை இழுக்காமல் குந்தி உட்கார்ந்து, குழி வந்த தடத்தை அளந்தார். ஒரு முழத்துக்குக் குறையாமல் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவசர அவசரமாக மணலைச் சமன்செய்தார். பிறகு பட்டறை வேலையாட்களுக்குத் தாராளமாக டீ வாங்கிக் கொடுத்தார். ஜெயசீலி வாசல் பலகையில், ஆறாம் குழியில் பலகை இழுப்பதும் இழுக்காததும் அவரவர் விருப்பம் என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதினாள். அருணாசலம் அலுவலகத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், பக்கத்து மேசை யாருடையது என்று கேட்டபோது, "செண்பகவல்லி மேடத்தோடது," என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவைத்தார்.

தனுஷ்கோடி வாழ்க்கையில் முதன்முறையாகக் கோல்ஃப் மட்டையைப் பிடித்தான், சம்மட்டியைப் பிடிப்பதுபோல. அவன் தட்டிய பந்து வெட்கப்பட்டு நாலடி போய் நின்றது. ஆறாம் குழி சரிவில் இறங்கி, இரண்டு முழத்துக்குமேல் நடந்துவந்து அதை வாங்கிக்கொண்டது. "அடேயப்பா!" என்று அவன் பிள்ளையைப் போலக் குதித்தான். குழி தன் இடத்துக்கு மெல்லத் திரும்பியது. அது தூங்கிவிடவில்லை, தன் வேலையை விட்டுவிடவும் இல்லை என்பதைச் செண்பகவல்லி நின்று பார்த்தாள்.

பிறகு அவள் தன் பந்தை வைத்தாள். தட்டினாள். பந்து சரிவில் ஏறி, வளைந்து, தயங்கி, குழியின் விளிம்புக்கு இரண்டு விரல் இப்பால் நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். தனுஷ்கோடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மேய்ந்துகொண்டிருந்த ஆடொன்று தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. குழி அசையவில்லை. உலகத்தில் உள்ள எல்லாக் குழிகளையும் போல அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"என்ன செம்பகம் இது," என்றான் தனுஷ்கோடி கவலையோடு. "எனக்கு அவ்வளவு தூரம் வந்துச்சு, உனக்கு ரெண்டு விரல் வரலையே!"

"வரலைங்க," என்றாள் செண்பகவல்லி. அவள் குரல் உடைந்து, சிரிப்பாக வெளியே வந்தது. "வரவே இல்லை, பாருங்க! நானே வாரேன்னு சொன்னது இப்பத்தான் அதுக்குக் காதுல விழுந்திருக்கு!"

மட்டையைக் கீழே போட்டுவிட்டு, தவறிப்போன அந்தப் பந்தின் அருகே, எண்ணெய் மணல் சேலையில் ஒட்டுவதைப் பொருட்படுத்தாமல், அவள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அன்று அவள் முதன்முறையாக அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனாள்.